சைலேன் முதல் டியோஸ் வரை: மென்படல வாயுக்களில் எலெக்ட்ரான் சிதறலைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி இது: பிளாஸ்மா வழியாகச் சிலிக்கான் மென்படலம் படிய வைக்கும் அறைக்கு ஒரு கணினி மாதிரி எழுத வேண்டும். வாயு சைலேன் (ஒரு சிலிக்கானும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறு). எலெக்ட்ரான் மோதல் குறுக்குவெட்டுகளை (மோதல் நடக்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் எண்களை) எந்த முறையில் கணக்கிடுவது, வந்த எண்ணை எப்படிச் சோதிப்பது, டியோஸ் (டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட்) போன்ற பெரிய மூலக்கூறுக்கும் அதே வழி போதுமா?

சுருக்கமாக முதலில். எல்லா ஆற்றலுக்கும் பொருந்தும் ஒரே முறை கிடையாது. சுமார் 15 எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆர்-மேட்ரிக்ஸ் அல்லது ஷ்விங்கர் பல்தட முறை. அதற்கு மேல் ஒளியியல் நிலையாற்றல் முறை. அயனியாக்கத்துக்கு மட்டும் தனியாகக் கிம்-ரட் சூத்திரம். இந்த மூன்றையும் ஒட்டித்தான் முழுத் தொகுதி தயாராகும். (எலெக்ட்ரான் வோல்ட்டை இனி ஈவி என்றே எழுதுகிறேன்.) இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடலாம்: சைலேனைக் கணக்கிடுபவர்கள் 2–3 ஈவி அருகே வரும் ஒத்ததிர்வு மேட்டை (எலெக்ட்ரான் மூலக்கூறில் சிறிது நேரம் சிக்கி நிற்பதால் குறுக்குவெட்டு உயரும் இடத்தை) அழகுபடுத்துவதிலேயே பாதி நாளைச் செலவிடுகிறார்கள். படலத்தின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது அதுவல்ல; 8 ஈவிக்கு மேலே நடக்கும் மூலக்கூறு உடைப்பு.

ஏன் என்று ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். வழக்கமான படிவு அறையில் 13.56 மெகாஹெர்ட்ஸ் மின்சாரம், 0.1 முதல் 1 டார் வரை அழுத்தம், அடித்தளம் 200–250 டிகிரி செல்சியஸ். எலெக்ட்ரான்களின் வெப்பநிலை 2 ஈவி என்றும் பரவல் மேக்ஸ்வெல் வடிவம் என்றும் வைத்துக்கொண்டால், 8 ஈவிக்கு மேல் ஆற்றல் உள்ளவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை, சுமார் 4.6. சைலேனை உடைப்பது இந்தச் சிறு கூட்டம்தான். உங்கள் கணக்கில் உடைப்பின் தொடக்க ஆற்றல் 8-க்குப் பதில் 9 ஈவி என்று வந்துவிட்டால், உடைப்பு வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நிஜப் பரவலின் வால் மேக்ஸ்வெல் வாலைவிட மெலிந்திருப்பதால் பிழை இன்னும் கூடும். ஒத்ததிர்வு மேடு 0.3 ஈவி தள்ளி வந்தால் இத்தனை சேதம் இல்லை.

இனி மூலக்கூறு. சைலேன் ஒழுங்கான நான்முகி. சிலிக்கான்–ஹைட்ரஜன் பிணைப்பு நீளம் 1.48 ஆங்ஸ்ட்ராம். சிலிக்கானை மையத்தில் வைத்தால் நான்கு ஹைட்ரஜன்களின் ஆயங்களும் கூட்டல் அல்லது கழித்தல் 0.854 ஆங்ஸ்ட்ராம், ஒரு கனசதுரத்தின் நான்கு மாற்று மூலைகள். மொத்தம் 18 எலெக்ட்ரான்கள். அவற்றில் 10 சிலிக்கானின் உள்கூட்டில் இருப்பவை, அவற்றை உறையவைத்துவிடலாம். மீதி 8 தான் விளையாட்டில் இருப்பவை.

இங்கேயே முதல் பள்ளம். இந்தத் துறையின் பெரும்பாலான மென்பொருள்கள் முழு நான்முகிச் சமச்சீரை ஏற்பதில்லை. அதன் பரிமாற்றுத் துணைக்குழு (செயல்களின் வரிசையை மாற்றினாலும் விளைவு மாறாத சிறிய சமச்சீர்க் குழு) ஒன்றில்தான் ஓட்ட வேண்டும். பழக்கத்தில் சி2வி-யை எடுப்பார்கள். அதில், ஒத்ததிர்வு வரும் மூன்று கூறுள்ள சமச்சீர் (இதை மும்மை என்போம்) ஏ1, பி1, பி2 என்று பிரியும். முழுச்சமச்சீரும் அதே ஏ1-இல் வந்து கலந்துவிடும். அதாவது எஸ்-அலையும் (கோண உந்தம் இல்லாத பகுதி) ஒத்ததிர்வின் மூன்றில் ஒரு பங்கும் ஒரே பெட்டியில். எதனால் என்ன வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. மூன்று சுழற்சி அச்சுகள் மட்டுமே உள்ள துணைக்குழுவை எடுத்தால் மும்மை பி1, பி2, பி3 என்று ஒதுங்கிவிடும். எஸ்-அலை தனியாக ஏ-யில் நிற்கும். அலசுவதற்கு இதுவே வசதி.

எந்தத் துணைக்குழுவானாலும் ஒரு சோதனை இலவசமாகக் கிடைக்கிறது: மும்மையின் மூன்று கூறுகளும் ஒரே எண்ணைத் தர வேண்டும். பி1-உம் பி2-உம் ஐந்தாவது தசமத்தில் வேறுபட்டால் அது தசமங்களைச் சுருக்குவதால் வரும் பிழை. இரண்டாவது தசமத்தில் வேறுபட்டால் நீங்கள் சமச்சீரை உடைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றே. ஆர்பிட்டால் பட்டியலை ஓர் எண்ணிக்கையில் வெட்டும்போது மூன்று சம ஆற்றல் ஆர்பிட்டால்களில் இரண்டை உள்ளே விட்டு ஒன்றை வெளியே தள்ளியிருப்பீர்கள். வெட்டுவதானால் குழுவோடு வெட்டுங்கள்.

அடுத்து இலக்கின் நிலைகள். நியாயமான தொடக்கம் 8 எலெக்ட்ரான்களை 8 ஆர்பிட்டால்களில் விடுவது: நிரம்பிய பிணைப்பு ஆர்பிட்டால்கள் நான்கு, அவற்றின் எதிர்ப்பிணைப்பு இணைகள் நான்கு. இதில் ஒற்றைநிலைக்கு (எலெக்ட்ரான் தற்சுழற்சிகள் எல்லாம் இணைந்தது) 1,764 அமைவுகளும் மும்மடிநிலைக்கு (இரண்டு தற்சுழற்சிகள் இணையாதது) 2,352 அமைவுகளும் வரும். மடிக்கணினியே தாங்கும். ஆனால் இது போதாது. சைலேனின் தாழ்ந்த கிளர்நிலைகள் ரிட்பெர்க் வகை. சிலிக்கானின் 4எஸ், 4பி போன்ற, பரந்து விரிந்த மேகங்கள். கச்சிதமான பேசிஸ் செட்டில் (ஆர்பிட்டால்களைக் கட்டும் சார்புத் தொகுப்பில்) அவற்றைப் பிடிக்க முயன்றால் கிளர்ச்சி ஆற்றல்கள் ஓரிரு ஈவி மேலே போய் உட்காரும். மேலே பார்த்த தொடக்க ஆற்றல் பிழை பிறக்கும் இடம் இதுதான்.

விரிந்த சார்புகளைச் சேர்த்துவிட்டால் தீர்ந்ததா என்றால், அங்கேதான் ஆர்-மேட்ரிக்ஸ் முறையின் முரண்டு. இந்த முறை வெளியை ஒரு கோளத்தால் இரண்டாகப் பிரிக்கிறது. கோளத்துக்குள்ளே வந்து மோதும் எலெக்ட்ரானும் மூலக்கூறின் எலெக்ட்ரான்களும் பிரித்தறிய முடியாதவை. பரிமாற்றம், உறவாட்டம் எல்லாம் முழுதாகக் கணக்கில் வரும். வெளியே வந்து மோதியது தனி. மூலக்கூறை அது நெடுந்தொலைவு நிலையாற்றலாக மட்டுமே உணரும். இந்தப் பிரிவினை செல்ல வேண்டுமானால் இலக்கின் எல்லா நிலைகளும் கோளத்துக்குள் அடங்க வேண்டும். மரபான ஆரம் 10 போர் அலகு, அதாவது 5.29 ஆங்ஸ்ட்ராம். சைலேனின் தரைநிலை அதில் தாராளமாக அடங்கும். ரிட்பெர்க் நிலை அடங்காது. வேலிக்கு வெளியே வழியும்.

ஆரத்தை 13, 15 என்று கூட்டினால் வேறு இரண்டு இடைஞ்சல்கள். ஒன்று, தொடர்நிலை எலெக்ட்ரானுக்கான, அதாவது வந்து மோதும் எலெக்ட்ரானுக்கான, காஸ் சார்புகளின் எண்ணிக்கை ஆரத்தோடு கூட வேண்டும். அலை எண்ணை ஆரத்தால் பெருக்கிப் பையால் (π) வகுத்தால், கோளத்துக்குள் எத்தனை அரை அலைகள் அடங்கும் என்று தெரியும். 15 ஈவியில் அலை எண் 1.05, ஆரம் 10 என்றால் 3.3 அரை அலை, 15 என்றால் 5. ஒவ்வொரு கோண உந்தத்துக்கும் இதைவிடச் சில சார்புகள் கூடுதலாக வேண்டும். இரண்டு, அந்தச் சார்புகளும் சிலிக்கான்மேல் வைத்த விரிந்த சார்புகளும் ஒன்றையொன்று போலவே இருக்கும். செங்குத்தாக்கும்போது நேரியல் சார்புடைமை தலைதூக்கும். ஒன்றின்மேல் ஒன்று படியும் அணியின் ஐகன் மதிப்பு 10-இன் அடுக்கு −7-க்குக் கீழே போன சார்புகளை நீக்குவது வழக்கம். நீக்குவரம்பைத் தளர்த்தினால் குறுக்குவெட்டில் ஊசிபோல் போலி முனைகள் முளைக்கும். இறுக்கினால் தேவையான சார்புகளும் போய், உயர்ந்த ஆற்றலில் கட்டப் பெயர்ச்சி (சிதறலால் அலை முன்பின் நகரும் அளவு) தடுமாறும். எத்தனை சார்புகள் நீங்கின என்ற வரி வெளியீட்டுக் கோப்பில் இருக்கும்; அதைப் படிக்காமல் வரைபடத்துக்குத் தாவாதீர்கள். யுகேஆர்மால் பிளஸ் மென்பொருள் தொடர்நிலைக்குப் பி-ஸ்ப்லைன் சார்புகளையும் பயன்படுத்த விடுகிறது. பெரிய ஆரம் தேவைப்படும்போது அந்த வழியே நல்லது.

ரிட்பெர்க் ஆர்பிட்டால்களுக்காகக் களத்தை விரிப்பதற்கும் எல்லை உண்டு. 4எஸ் வகையில் ஒன்று, 4பி வகையில் மூன்று என நான்கைச் சேர்த்து, 8 எலெக்ட்ரான்களை 12 ஆர்பிட்டால்களில் முழுதாக விட்டால் ஒற்றைநிலை அமைவுகள் 1,764-இலிருந்து 70,785 ஆகிவிடும். மோதும் எலெக்ட்ரானைச் சேர்த்தபின் அணி அதைவிடப் பல மடங்கு. ஆகவே பழைய எட்டில் முழுச் சுதந்திரம், புதிய நான்குக்கு ஒரே ஓர் எலெக்ட்ரான் மட்டும் ஏறலாம் என்று கட்டுப்படுத்துங்கள். கிளர்ச்சி ஆற்றல்கள் பெரும்பாலும் இதிலேயே சரியான இடத்துக்கு வந்துவிடும்.

இப்போது மோதல். மூன்று படிகள், மூன்றையும் இந்த வரிசையிலேயே ஓட்டுங்கள், நேரே கடைசிக்குப் போகாதீர்கள்.

முதல் படி நிலைப்பரிமாற்றம்: இலக்கு அசையாமல் நிற்கிறது. இதில் சைலேனின் மும்மை ஒத்ததிர்வு இருக்க வேண்டியதைவிடச் சில ஈவி மேலே, அகன்று வரும். ராம்சாவர் பள்ளம் (மிகத் தாழ்ந்த ஆற்றலில் குறுக்குவெட்டு சரியும் இடம்) வரவே வராது. இந்த விடை தவறு என்பது தெரிந்ததுதான். ஆனால் நிரல், ஆயங்கள், அலகுகள் சரியா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. வெளிவந்த பழைய நிலைப்பரிமாற்றக் கணக்குகளோடு இது கோட்டுக்குக் கோடு ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாம் படி முனைவாக்கத்தைச் சேர்ப்பது. வந்து மோதும் எலெக்ட்ரான் மூலக்கூறின் மேகத்தைத் தள்ளிச் சிதைக்கிறது. அந்தச் சிதைவு எலெக்ட்ரானை இழுக்கிறது. கணக்கில் இது, நிரம்பிய ஆர்பிட்டாலிலிருந்து ஓர் எலெக்ட்ரானைக் காலி ஆர்பிட்டாலுக்கு ஏற்றி, மோதுவதையும் இன்னொரு காலி ஆர்பிட்டாலில் வைக்கும் அமைவுகளாக நுழைகிறது. காலி ஆர்பிட்டால்களைக் கூட்டக் கூட்ட ஒத்ததிர்வு கீழே இறங்கும். எங்கே நிறுத்துவது? இதற்கு நேர்மையான விடை கடினம். பரிசோதனை மேட்டோடு பொருந்தும் வரை கூட்டி அங்கே நிறுத்துவதுதான் பலரின் பழக்கம். அது கணிப்பு அல்ல, சரிக்கட்டல். அப்படிச் செய்தால் குறிப்பில் அப்படியே எழுதிவிடுங்கள். பரிசோதனை இல்லாத வேறொரு மூலக்கூறுக்கு அதே எண்ணிக்கையைக் கொண்டுபோனால் அதன் தரம் என்ன என்று படிப்பவருக்கு விளங்கும். அளவுமீறினால் ஓர் அடையாளம் தெரியும்: ஒத்ததிர்வு பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் பிணைந்த எதிரயனியாகிவிடும். சைலேனுக்கு நிலையான எதிரயனி இல்லை. அது வந்தால் எலெக்ட்ரான் சேர்ந்த அமைப்பை, இலக்கைவிடத் தாராளமாக விவரித்துவிட்டீர்கள் என்று பொருள்.

மூன்றாம் படி நெருங்கிய இணைப்பு: தரைநிலையோடு கிளர்நிலைகளும் தடங்களாகச் சேரும். மின்னணுக் கிளர்ச்சிக் குறுக்குவெட்டு கிடைப்பது இதில் மட்டும்தான். சைலேனின் முனைவாக்கத்திறன் சுமார் 32 கன போர் அலகு. நீங்கள் சேர்த்த நிலைகள் அதில் எவ்வளவை மீட்கின்றன என்று கூட்டிப் பாருங்கள். பாதியைக்கூட எட்டாவிட்டால் 1 ஈவிக்குக் கீழே இந்தப் படியை நம்பாதீர்கள்; அந்தப் பகுதிக்கு இரண்டாம் படியின் விடையையே வைத்துக்கொள்ளலாம். 0.3 ஈவியை ஒட்டி வரும் ராம்சாவர் பள்ளம் முனைவாக்கத்தின் நேர்மையான நீதிபதி. எஸ்-அலையில் விலக்கும் விசையும் இழுக்கும் விசையும் சமன்படும் புள்ளி அது. இழுப்பு சற்றே குறைந்தால் பள்ளம் இடம்மாறும். மிகவும் குறைந்தால் காணாமலே போகும்.

எல்லையிலிருந்து வெளியே, ஆர்-மேட்ரிக்ஸை 100 போர் அலகு அளவுக்கு நகர்த்திச் சென்று, சிதறலை விவரிக்கும் கே-அணியைப் பெறுவது வழக்கம். அதை மூலைவிட்டமாக்கினால் ஐகன் கட்டங்கள். அவற்றின் கூட்டுத்தொகையை ஆற்றலுக்கு எதிராக வரையுங்கள். ஒத்ததிர்வில் அது பை அளவு ஏற வேண்டும் என்பது ஏட்டுச்சுரைக்காய். சைலேனின் ஒத்ததிர்வு அகலமானது, பின்னணி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏற்றம் பையைத் தொடாது. ஒத்ததிர்வின் இடத்தையும் அகலத்தையும் தரும் பிரெயிட்–விக்னர் வளைவைப் பொருத்தும்போது பின்னணிக்கு எந்தப் பல்லுறுப்புக்கோவையை எடுக்கிறீர்களோ அதற்கேற்ப அகலம் மாறும். குறைந்தது இரண்டு பின்னணிகளை வைத்துப் பார்த்து, இரண்டு விடைகளையும் கொடுங்கள்.

வந்த எண்ணைச் சோதிக்க ஒருமைப்பாட்டு எல்லை உதவும். ஓர் ஐகன் தடத்தின் குறுக்குவெட்டு, நான்கு பையை அலை எண்ணின் வர்க்கத்தால் வகுத்ததை ஒருபோதும் தாண்டாது. 2.5 ஈவியில் அலை எண்ணின் வர்க்கம் 2.5 ÷ 13.606, அதாவது 0.184. எல்லை 68.4 சதுர போர் அலகு. ஒரு சதுர போர் அலகு 0.280 சதுர ஆங்ஸ்ட்ராம் என்பதால் 19.2 சதுர ஆங்ஸ்ட்ராம். மும்மைக்கு மூன்று கூறுகள்; ஒத்ததிர்வின் பங்கு மட்டும் அதிகபட்சம் 57.5 சதுர ஆங்ஸ்ட்ராம். உங்கள் ஒத்ததிர்வு அந்த இடத்தில் 90 காட்டினால் கூறுகளை இரண்டு முறை கூட்டியிருக்கிறீர்கள். 19-ஐச் சுற்றி நின்றால் ஒன்றை மட்டும் எடுத்து மற்ற இரண்டை மறந்திருக்கிறீர்கள். இரண்டுமே அடிக்கடி நடப்பவை.

அயனியாக்க ஆற்றலை நெருங்கும்போது வேறொரு தொல்லை. சைலேனின் செங்குத்து அயனியாக்கம் 12.3–12.8 ஈவி, யான்–டெல்லர் சிதைவால் (அயனியின் சமச்சீர் தானாகக் குலைவதால்) அந்தப் பட்டை இரண்டாகப் பிளந்திருக்கும். அதற்கு மேலே உண்மையில் முடிவிலாத் தடங்கள் திறந்திருக்கின்றன; உங்கள் கணக்கில் இருப்பதோ சில பத்து. மூடிய கதவுகளில் முட்டி எதிரொலிப்பதுபோல் போலி ஒத்ததிர்வுகள் கொத்துக்கொத்தாக வரும். சராசரி எடுத்து மழுப்பலாம். ஆனால் இயற்பியல் அங்கே முடிந்துவிட்டது.

அந்த இடத்தில் ஒளியியல் நிலையாற்றல் முறைக்குக் கைமாற வேண்டும். நிலைமின், பரிமாற்ற, முனைவாக்க நிலையாற்றல்களோடு கற்பனைப் பகுதியாக ஓர் உறிஞ்சல் நிலையாற்றலையும் சேர்த்துக் கோளவடிவில் தீர்ப்பார்கள். இந்தியாவில் இந்த முறைக்கு நீண்ட மரபு உண்டு. குஜராத்தின் வல்லப் வித்யாநகரில் சர்தார் படேல் பல்கலைக்கழகத்தில் ஜோஷிபுரா வழிவந்த குழு இதில் பல மூலக்கூறுகளைச் செய்திருக்கிறது. இது தருவது மொத்தமும் மீள்சிதறலும் (மூலக்கூறைக் கிளர்த்தாத சிதறல்) மட்டுமே. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எல்லா மீளாச் சிதறலும் சேர்ந்த ஒரு மூட்டை. எது அயனியாக்கம், எது கிளர்ச்சி என்று அது தானாகச் சொல்லாது; ஒரு விகித அனுமானத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். இரண்டு முறைகளையும் ஒட்டும் இடத்தில் மதிப்பு மட்டுமல்ல, சரிவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் 12 முதல் 20 ஈவி வரை மென்மையாக இழைத்துவிடலாம், ஆனால் அது கணக்கு அல்ல, தச்சுவேலை என்பது நினைவிருக்கட்டும்.

அயனியாக்கத்துக்கு 1994-இல் கிம்மும் ரட்டும் கொடுத்த இருமோதல்–பெத்தே சூத்திரம் இருக்கிறது. உழைப்புக்கு இத்தனை பலன் தரும் சூத்திரம் இந்தத் துறையில் வேறில்லை. ஒவ்வொரு ஆர்பிட்டாலுக்கும் மூன்று எண்கள் போதும்: எலெக்ட்ரான் எண்ணிக்கை, பிணைப்பாற்றல், சராசரி இயக்க ஆற்றல். மோதும் ஆற்றலைப் பிணைப்பாற்றலால் வகுத்தது த. இயக்க ஆற்றலைப் பிணைப்பாற்றலால் வகுத்தது உ. மட என்பது இயல் மடக்கை. அப்போது,

குறுக்குவெட்டு = [ச ÷ (த + உ + 1)] × [(மட த ÷ 2) × (1 − 1/த²) + 1 − 1/த − (மட த) ÷ (த + 1)]

இதில் ச = 3.519 × எண்ணிக்கை × (13.606 ÷ பிணைப்பாற்றல்)², சதுர ஆங்ஸ்ட்ராமில்.

சைலேனுக்கு முன் ஹைட்ரஜன் மூலக்கூறில் ஓட்டிப் பாருங்கள். எலெக்ட்ரான் 2, பிணைப்பாற்றல் 15.43, இயக்க ஆற்றல் 15.98 ஈவி. 70 ஈவியில் த = 4.537, உ = 1.036, ச = 5.47. பெரிய அடைப்புக்குள் 1.226 வரும், விடை 1.02 சதுர ஆங்ஸ்ட்ராம். இந்த எண் வரவில்லையென்றால் மடக்கையைப் பத்தடிமானத்தில் எடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

சைலேனில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஹார்ட்ரி–ஃபாக் (அடிப்படை ஆர்பிட்டால் கணக்கு) தரும் மேல் ஆர்பிட்டாலின் பிணைப்பாற்றல் சுமார் 13.2 ஈவி, அதை அப்படியே போட்டால் அயனியாக்கம் அங்கேதான் தொடங்கும். மேல் ஆர்பிட்டாலுக்குப் பரிசோதனை எண்ணைப் போடுங்கள், உள்ளே இருப்பவற்றுக்குக் கணக்கிட்டதே போதும். அடுத்தது, மூன்றாம் வரிசைத் தனிமங்களுக்குரிய திருத்தம். ஓர் ஆர்பிட்டாலில் முதன்மைக் குவாண்டம் எண் 3 அல்லது அதற்கு மேற்பட்ட அணு ஆர்பிட்டாலின் பங்கு ஓங்கியிருந்தால், இயக்க ஆற்றலை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். சிலிக்கானின் 3எஸ், 3பி உள்கூட்டுக்குள் நெளிவதால் இயக்க ஆற்றல் செயற்கையாகப் பெருத்திருக்கும். வகுக்காமல் விட்டால் குறுக்குவெட்டு குறைவாக வரும். சைலேனின் மும்மை ஆர்பிட்டாலில் சிலிக்கானும் ஹைட்ரஜனும் ஏறத்தாழப் பாதிப்பாதி. வகுப்பதா வேண்டாமா என்பது, எலெக்ட்ரான்களை அணுக்களுக்குப் பங்கிடும் முறையைப் பொறுத்து மாறும். இரண்டையும் கணக்கிட்டு அந்த இடைவெளியைப் பிழைப்பட்டையாக வைப்பதே சரி. இந்தச் சூத்திரம் மொத்த அயனியாக்கத்தை மட்டும் தரும். தாய் அயனி நிலைத்து நிற்பதில்லை. ஹைட்ரஜன் இழந்த துண்டுகளாகத்தான் வெளிவரும். எந்தத் துண்டு எவ்வளவு என்பதற்கு நிறைமாலை அளவீடுகளிலிருந்து விகிதத்தை எடுத்துப் பங்கிட வேண்டும்.

அதிர்வுக் கிளர்ச்சியை நிலையான அணுக்கரு வைத்து ஓட்டும் கணக்கு தராது. சைலேனின் நான்கு அதிர்வுகளும் ஆற்றலில் இரண்டு கொத்தாக நிற்கும்: வளைவுகள் 0.11–0.12 ஈவி, நீட்சிகள் 0.27 ஈவி. பிளாஸ்மா மாதிரிகளில் இரண்டு கூட்டு அதிர்வாகவே வைத்துக்கொள்ளலாம்; தனித்தனியாகப் பிரித்துப் பயனில்லை. அகச்சிவப்பில் செயல்படும் இரண்டுக்கும் போர்ன் தோராயம் (மோதலை மெல்லிய இடையூறாகக் கொள்ளும் கணக்கு) தொடக்க ஆற்றலருகே ஓரளவு சரியாக வரும். ஒத்ததிர்வுப் பகுதியில் வராது. அங்கே பிணைப்பு நீளத்தைச் சமநிலையின் இருபுறமும் மாற்றி மாற்றி மோதல் கணக்கை ஓட்டி, சிதறல் வீச்சைத் தரும் டி-அணியை அதிர்வு அலைச்சார்புகளுக்கிடையே சராசரி எடுக்க வேண்டும். இதைச் சோம்பலால் விடுபவர்கள் அதிகம். விட்டால் எலெக்ட்ரான்கள் 1 முதல் 5 ஈவி வரை ஆற்றலை இழக்காமல் மேலேறி, வால் செயற்கையாகக் கொழுக்கும். பிறகு உடைப்பு வேகம் பொருந்தவில்லை என்று வேறெங்கோ தேடுவார்கள்.

உடைப்புக்கு வருவோம். வெப்ப இயக்கவியல்படி சைலேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிரிக்க 4 ஈவி போதும். அதைத் தொடக்க ஆற்றலாக உள்ளீட்டுக் கோப்பில் போடுவது பெரும் பிழை. எலெக்ட்ரான் மோதி உடைப்பது கிளர்நிலை வழியாகத்தான். வாசல் 8 ஈவியை ஒட்டி இருக்கிறது. சைலேனின் கிளர்நிலைகள் எதுவும் நிலைத்து நிற்பவையாகத் தெரியவில்லை என்பதால், எல்லா மின்னணுக் கிளர்ச்சிக் குறுக்குவெட்டுகளையும் கூட்டினால் அதுவே நடுநிலை உடைப்பு என்று கொள்ளலாம். மும்மடிநிலைகளை விட்டுவிடாதீர்கள், தொடக்க ஆற்றலருகே பரிமாற்றத்தால் பெரும்பங்கு அவற்றுக்கே. சிலில் (ஒரு ஹைட்ரஜன் இழந்த துண்டு) எவ்வளவு, சிலிலீன் (இரண்டு இழந்தது) எவ்வளவு என்ற பங்கீடு மோதல் கணக்கிலிருந்து வராது; அது கிளர்நிலைப் பரப்புகளில் அணுக்கருக்கள் எப்படி ஓடுகின்றன என்பதைப் பொறுத்தது. மாதிரியில் அதை ஒரு தளர்ந்த அளபுருவாக வைத்து, விடை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் படலத்தின் தரம் இந்த விகிதத்தோடு நேரே கட்டுண்டிருக்கிறது. பிரிகைச் சேர்ப்பு (எலெக்ட்ரானைப் பற்றிக்கொண்ட மூலக்கூறு உடைவது) சைலேனில் 8–9 ஈவி அருகே மிகச் சிறியது. தூசித் துகள் உருவாக்கத்தை ஆராயாதவரை அது முதன்மையல்ல.

தொகுதியைச் சேர்க்கும்போது நடக்கும் தவறு எப்போதும் ஒன்றே. எலெக்ட்ரான்களின் ஆற்றல் பரவலைக் கணக்கிடும் போல்ட்ஸ்மான் தீர்வு நிரலுக்கு, உதாரணமாகப் போல்சிக் பிளஸுக்கு, வேண்டியது உந்த மாற்றக் குறுக்குவெட்டு; கோணத்தை மொத்தமாகத் தொகையிட்டது அல்ல. பின்னோக்கிச் சிதறல் கூடினால் இரண்டும் வெகுவாக விலகும். மேலும் அந்த நிரலில் மீள்சிதறல், பயனுறு என்று இரண்டு தலைப்புகள் உண்டு. பயனுறு என்பதில் மீளாச் சிதறல்களும் அடக்கம். மீள்சிதறல் எண்ணைப் பயனுறு என்ற தலைப்பில் கொடுத்தால் நிரல் அதிலிருந்து மீளாதவற்றைக் கழிக்கும். சில ஆற்றல்களில் மீதி எதிர்மறையாகும். எச்சரிக்கை வரியைப் படித்தால் உடனே பிடிபடும். தொகுதி முடிந்ததும் நகர்வு வேகம், விரவல் குணகம் இரண்டையும் கணக்கிட்டு அளந்த மதிப்புகளோடு ஒப்பிடுங்கள். தாழ்ந்த மின்புலத்தில் விலகினால் ராம்சாவர் பள்ளத்தையும் வளைவு அதிர்வையும் சந்தேகிக்கலாம். உயர்ந்த மின்புலத்தில் அயனியாக்கக் குணகம் விலகினால் கிளர்ச்சிக் கூட்டுத்தொகையை.

டியோஸுக்கு இதே வழி செல்லாது. 33 அணுக்கள், 114 எலெக்ட்ரான்கள். நெருங்கிய இணைப்பு கட்டுப்படியாகாது. உள்கூட்டைப் போலி நிலையாற்றலாக மாற்றி ஷ்விங்கர் பல்தட முறையில் நிலைப்பரிமாற்றம் ஓட்டலாம். சில பத்து ஈவிக்கு மேல், அணுக்களைத் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒன்றையொன்று மறைப்பதற்குத் திருத்தம் சேர்க்கும் முறை நன்றாகவே வேலை செய்யும். அதைக் கீழே இழுத்தால் குறுக்குவெட்டை ஊதிப் பெரிதாக்கும். அயனியாக்கத்துக்கு அதே கிம்-ரட் சூத்திரம். டெட்ராமெத்தில் சைலேன் 50 எலெக்ட்ரான்களோடு நடுவில் நிற்கிறது; முனைவாக்கம் சேர்த்த கணக்கு அதற்கு எட்டும்.

டைகுளோரோசைலேன் போல இருமுனைத் திருப்புத்திறன் உள்ளவற்றில் இன்னொரு மாற்றம். சைலேனுக்கு இருமுனையும் இல்லை, நான்முனையும் இல்லை. கோண உந்தம் 4 வரை எடுத்தால் தாழ்ந்த ஆற்றலில் போதும். இருமுனை இருந்தால் கோண உந்தத் தொடர் மெதுவாகத்தான் அடங்கும். மீதியைப் போர்ன் தோராயத்தால் நிரப்ப வேண்டும். அப்போதும் மூலக்கூறு சுழலாமல் நிற்கிறது என்று வைத்தால் முன்னோக்கிய திசையில் குறுக்குவெட்டு முடிவிலியாகும். சுழற்சி நிலைகளைச் சேர்த்தபிறகே எண் அடங்கும். உந்த மாற்றத்தில் முன்னோக்கிய சிதறலுக்கு எடை குறைவு என்பதால் பிளாஸ்மா மாதிரிக்கு இந்தத் தொல்லை அத்தனை வலிக்காது.

எலெக்ட்ரான் கற்றையால் எழுதும் படிவுக்கு டங்ஸ்டன் ஹெக்சாகார்பனைல் போன்றவற்றைக் கேட்பீர்களானால் முன்னுரிமையே தலைகீழாகும். அங்கே வேலையைச் செய்வதில் பெரும்பங்கு பரப்பிலிருந்து கிளம்பும் இரண்டாம்நிலை எலெக்ட்ரான்களுக்கு. அந்த மூலக்கூறு பூஜ்யத்தை ஒட்டிய ஆற்றலிலேயே எலெக்ட்ரானைப் பற்றி ஒரு கார்பனைலை உதிர்க்கிறது. சைலேனில் ஒதுக்கிவிட்ட பிரிகைச் சேர்ப்பு இங்கே முதலிடம். டங்ஸ்டனின் உள்கூட்டுக்குச் சார்பியல் போலி நிலையாற்றல் கட்டாயம். ஒத்ததிர்வின் இடம் 0.2 ஈவி பிசகினாலும் விடை பயன்படாது. வாயுநிலை எண்ணை, பரப்பில் ஒட்டிக்கிடக்கும் மூலக்கூறுக்கு அப்படியே போடவும் முடியாது; அடித்தளத்தின் முனைவாக்கம் ஒத்ததிர்வைக் கீழே இழுக்கும்.